நசீறா சாச்சி அனுப்பாத படங்கள்

"படம் அனுப்பமாட்டன். காட்டுவன்."

மாப்பிள்ளை வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் நசீறா சாச்சி முதலில் சொல்வது இதுதான். தேத்தண்ணி வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். சாச்சி என் உம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வருடமாகக் கலியாணம் பேசுகிறார்.

மன்னாரில் எங்கள் ஊரான எருக்கலம்பிட்டியில் பாதிக் குடும்பங்களுக்குப் புத்தளத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. தொண்ணூறில் யுத்தத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் போனவர்களில் கொஞ்சப்பேர் திரும்பி வந்தார்கள். கொஞ்சப்பேர் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பெண் இங்கே இருப்பாள், மாப்பிள்ளை அங்கே இருப்பான். இரண்டு பக்கமும் சொந்தம்தான், ஆனால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. அதனால் யாராவது ஒருவர் பஸ்ஸில் ஏறி முகங்களைக் கொண்டுபோக வேண்டும். சாச்சி அதைச் செய்தார். கலியாணம் சரிவந்தால் இரண்டு வீடும் ஆளுக்கொரு சேலை கொடுக்கும். வேறொன்றும் அவர் வாயால் கேட்டதில்லை.

ஒரு பெண்ணுக்கு இரண்டு படம். முக்காடு போட்ட படத்தை மாப்பிள்ளையும் பார்க்கலாம். முக்காடில்லாத படம் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மட்டும். வரப்போகிற மருமகளின் தலைமுடியைப் பார்க்காமல் எங்கள் ஊர் மாமிமார் எவரும் தலையாட்டுவதில்லை. அந்த இரண்டாவது படத்தை வெளியே எடுத்தால் சாச்சி பக்கத்தை விட்டு எழும்பமாட்டார். கதவடியில் ஒரு ஆணின் நிழல் தெரிந்தாலே படம் அவர் மடியில் கவிழ்ந்துவிடும்.

தபாலுறையில் படம் கொண்டுபோன காலம் போய்ப் போன் வந்தபோதும் இது மாறவில்லை. பெண் வீட்டார் அனுப்புகிற படத்தைக்கூட வாங்கமாட்டார். அவர்களுடைய போனில் இருப்பதைத் தன் போனால் படமெடுத்துக்கொண்டு வருவார். மாப்பிள்ளையின் உம்மா விரலை நீட்டினால், "நீங்க சொல்லுங்கோ, நான் பெருப்பிச்சுக் காட்டுறன்" என்பார். வட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று கேட்ட புத்தளத்து மாமி ஒருவருக்கு, "என்ட கையைத் தாண்டினா அதுக்கு நான் பொறுப்பில்ல மாமி. பொறுப்பில்லாத வேலை நான் செய்யிறேல்ல" என்று பதில் சொன்னார். ஊரில் அவரை நம்பியது இந்தப் பிடிவாதத்துக்காகத்தான்.

போன வருடம் அவருடைய பழைய போன் புத்தளம் பஸ்ஸில் திடீரென்று செத்துப்போனது. முப்பத்தொரு பெண்களின் படங்கள் அதோடு போயின. மறுபடியும் ஒவ்வொரு வீடாக ஏறி, "புள்ளைட படத்தை இன்னொருக்கா எடுக்கோணும்" என்று கேட்க வேண்டியிருந்தது. சில உம்மாமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "அப்ப முதல் படம் எங்க ராத்தா?" என்று ஒருவர் கேட்டது அவரை நெடுநாள் குத்தியது.

புதுப் போன் வாங்கியபோது, "நீயே எல்லாம் போட்டுத் தாவன்" என்று என்னிடம்தான் முதலில் நீட்டினார். ஊரின் இத்தனை பெண்களின் முகம் வந்து குடியிருக்கப்போகிற போன். ஆணான எனக்குத் தொடக் கூச்சமாக இருந்தது. "கடையில குடுங்கோ சாச்சி, அவங்கள் வடிவாச் செய்வாங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

மன்னார் பஸாரில் பைசரின் போன் கடை. பைசர் எங்கள் ஊர்தான்; பாடசாலையில் எனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். அவன் ஒரு கையால் இன்னொருவரின் போனுக்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் சாச்சியின் போனைத் தட்டினான்.

"ஈமெயில் இருக்கா ராத்தா?"

"அதெல்லாம் என்னட்ட எங்க இருக்கு. நீயே ஒண்டப் போடு."

"சரி. படங்களைப் பத்திரமா மேல ஏத்தி வைக்கவா எண்டு கேக்குது."

"மேல எண்டா?"

"இந்தப் போன் உடைஞ்சாலும் படம் அழியாது."

"பத்திரமெண்டா ஓம் எண்டு போடு."

அவன் ஓம் என்று போட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கடை வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தேன்.

கொஞ்ச நாளில் சாச்சியின் போனில் அவர் எடுக்காத படங்கள் தெரியத் தொடங்கின. ஐஸ் பெட்டியில் அடுக்கிய பாரை மீன்கள். கழற்றிப் போட்ட ஒரு படகு எஞ்சின். வெள்ளைக் கவுனும் மெழுகுதிரியுமாகக் கோயிலில் முதல் நன்மை எடுக்கிற ஒரு கத்தோலிக்கச் சிறுமி. "போனோட வந்த படங்கள். கலண்டரில வாற மாதிரி" என்றார் சாச்சி. அந்தச் சிறுமியை எங்கள் உம்மாவுக்கும் காட்டினார். "பாரன், என்ன வடிவான புள்ள." நானும் எட்டிப் பார்த்தேன். சிறுமியின் பின்னால் மன்னாரிலேயே இருக்கிற பள்ளிமுனைக் கோயிலின் வாசல் தெரிந்தது. போன் செய்கிறவர்களுக்குப் பள்ளிமுனை எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் அப்படியே போய்விட்டது.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு புதன்கிழமை, அஸர் தொழுகை முடிந்த நேரம், றிப்கா வந்தார். ஓலைத்தொடுவாயில் மீன் எடுத்து லொறியில் ஏற்றி அனுப்புகிற சனூன் நானாவின் மனைவி. ஸலாம் சொல்லவில்லை. நேராக உள்ளே வந்து, கணவரின் போனைச் சாச்சியின் முன்னால் மேசையில் வைத்தார்.

"என்ட மனிசனுக்கு ரெண்டாவது பேசுறீங்களா ராத்தா?"

சாச்சி சிரித்தார். "உன்ட மனிசனுக்கு ஒண்டையே நான் கஷ்டப்பட்டுத்தான் பேசி முடிச்சனான்."

"பகிடி விடாதீங்கோ. திறந்து பாருங்கோ."

சனூன் நானாவும் பின்னாலேயே ஓடி வந்து, உள்ளே வரத் துணிவில்லாமல் படலையடியில் நின்றார். மீன் செதில் ஒட்டிய சாரம். "ராத்தா, அல்லாஹ் அறிய நான் மீனைத் தவிர ஒண்டையும் படம் எடுக்கிறேல்ல" என்று அங்கிருந்தே சொன்னார். "ஜவுளிக்கடை விளம்பரம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா வரும்."

"விளம்பரத்தையா இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு கிடந்தீங்க?" என்றார் றிப்கா.

"வந்தாப் பாக்கத்தானே வேணும்."

சாச்சி போனைத் திறந்தார். நான் எதிரே இருந்தேன். அவருடைய முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து கழன்றுபோயின. விரல் திரையில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. மீன், மீன், ஒரு பெண். முக்காடோடு ஒரு தடவை, முக்காடில்லாமல் ஒரு தடவை. லொறியின் டயர். இன்னொரு பெண். பிறகு இன்னொருத்தி.

"இது என்ட போனா?" என்று கேட்டார்.

"என்ட மனிசன்ட போன்."

சாச்சியின் போன் அலுமாரிக்கு மேலே சார்ஜில் கிடந்தது. அவர் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார். போனை என் பக்கம் நீட்டினார். திரையில் யாரோ ஒரு பெண் கூந்தலை முன்னால் விட்டுக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கடைக்குப் போவம் சாச்சி" என்றேன். "ரெண்டு போனையும் எடுங்கோ."

பைசருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் எங்களைப் பார்க்கவில்லை, மேசைக் கண்ணாடியைத் துடைத்தான்.

"புதுசா ஈமெயில் துறக்கிறதெண்டா நேரம் போகும் ராத்தா. கோட் வரோணும், அது வராது. பிறகு பாஸ்வேட்ட மறந்திட்டு எல்லாரும் இங்கதான் வந்து நிப்பினம். அதால கேட்ட ஆக்களுக்கெல்லாம் கடைட ஈமெயிலையே போட்டுக் குடுத்தனான். ஒருத்தரும் குறை சொல்லேல்ல."

"எத்தின பேருக்கு?"

"முப்பது இருக்கும். நாப்பதும் இருக்கலாம்."

"ஆராரு?"

"சனூன் நானா. பள்ளிமுனை ஆக்கள் கொஞ்சம். ஓட்டோ ஓடுறவங்கள். ரோட்டு வேலைக்கு வந்து நிண்டிட்டுப் போனவங்களும் வாங்கினவங்கள்." அவன் நிறுத்தினான். "எழுதி வைக்கேல்ல ராத்தா."

"அந்தப் போன் எல்லாத்துக்கும் என்ட புள்ளையள் போயிருக்கா?"

"படத்தை மேல ஏத்துங்கோ எண்டு ஓம் சொன்னவங்கள்ட படம் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும். ஈமெயில் ஒண்டுதானே."

"நான் ஓம் எண்டனான்" என்றார் சாச்சி. அதை அவனிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அழிக்கச் சொன்னார். பைசர் சாச்சியின் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தெரிவு செய்யத் தொடங்கினான். சாச்சி எட்டித் திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். "நீ பாக்காத." "பாக்காம எப்பிடி ராத்தா அழிக்கிற?" கடைசியில் சாச்சி போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு தொட, எங்கே தொட வேண்டும் என்று அவன் கண்ணை மேசையில் வைத்தபடி வாயால் சொன்னான். நாற்பத்து மூன்று பெண்கள். ஒவ்வொருத்தியின் பெயரையும் சாச்சி உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பெயர் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

"நுஸ்ரியா."

பைசர் நிமிர்ந்தான். "எந்த நுஸ்ரியா?"

சாச்சி விரலை அடுத்த படத்துக்குக் கொண்டுபோனார்.

"எங்கட தங்கச்சியா?" அவன் குரல் மெலிந்துவிட்டது. "எங்கட உம்மா எப்ப குடுத்தவ?"

"மாசிமாசம்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ரீலோட் போட வந்த ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யாருக்கெல்லாம் போன் விற்றோம் என்று அவன் மனதுக்குள் ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது.

"அழிச்சாச்சு ராத்தா, முடிஞ்சுது" என்றான் கடைசியில். "நாளைக்கு மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டு பாஸ்வேட்டையும் மாத்திறன். நீங்க ஒருத்தருக்கும் சொல்லவேணாம். சொன்னாத்தான் தெரியும். சொன்னாத்தான் அந்தப் புள்ளையள்ட பேர் கெடும். என்ட தங்கச்சிட பேரும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சாச்சியைச் சாப்பிட விடவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் அபாயாவைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னா இனி ஒரு வீடும் எனக்குப் படம் தராது" என்றார். "அது போகட்டும். ஊர் கதைக்கும். ஆர் பாத்தாங்கள் எண்டு ஆளாளுக்குக் கதை கட்டுவாங்கள்."

"சொல்லாட்டி?" என்றேன்.

"சொல்லாட்டி ஒருநாளைக்கு ஆரோ ஒரு ஓட்டோக்காரன் அந்தப் புள்ளையைக் கண்டிட்டு, இவளை எங்கயோ பாத்திருக்கிறனே எண்டு நினைப்பான். அவளுக்கு ஏனெண்டு தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அதோட என்னெண்டு நான் அந்தத் தெருவால போறது?"

மறுநாள் காலை பக்கத்து ஊரான தாராபுரத்துக்குப் போனோம். முதலில் அஸீபாவின் வீடு. அவருடைய மகள் றிஸ்மினாவுக்குப் புத்தளத்தில் சரிவந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருவதாக இருந்தது. பிள்ளைக்குப் பிறகு சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்த உம்மாவுக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று சாச்சி வழியில் சொன்னார்.

நான் விறாந்தையில் இருந்தேன். பெண்கள் உள்ளே. நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அதற்கப்பால் சாச்சி எல்லாவற்றையும் சொன்னார். கடை, ஈமெயில், சனூன் நானாவின் போன், தான் சொன்ன ஓம். எதையும் குறைக்கவில்லை.

"எந்தப் படம் ராத்தா?" அஸீபாவின் குரல்.

"ரெண்டும்."

உள்ளே ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"எத்தின பேர் பாத்திருப்பாங்கள்?"

"தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம்."

"ஏன் ராத்தா வந்து சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா நான் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாச் சோறாக்கியிருப்பன்."

அப்போது இன்னொரு குரல் கேட்டது. அறைக்குள் அவளும் இருந்திருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. றிஸ்மினா. மன்னாரில் கணினி வகுப்பு எடுக்கிறவள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

"ரெண்டு எண்டா என்ன? நான் குடுத்தது ஒண்டுதானே. முக்காடு போட்டது."

அஸீபாவின் வளையல்கள் சலசலத்தன.

"உம்மா?"

"பொம்பிளையளுக்குக் காட்டத்தான் புள்ள. மாமிமார் கேப்பினம்."

"எந்தப் படம்?"

"உன்ட கூட்டாளி ஸஜானாட கலியாண மருதோண்டி அண்டைக்கு எடுத்தது."

"அது என்ட போனுக்குள்ள மட்டும்தானே இருந்தது. நான் ஆருக்கும் அனுப்பேல்லையே."

"நீ குளிக்கப் போனாப் பிறகு உன்ட போனை நான் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ராத்தா தன்ட போனால எடுத்தவ."

"லொக் போட்டிருந்தனே."

"உன்ட தம்பி திறந்து தந்தவன்."

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. கத்தியிருந்தால் எனக்கு அங்கே இருக்க இலகுவாக இருந்திருக்கும். வகுப்பில் ஒரு கணக்கைத் திரும்பக் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, மற்றப் புள்ளையளுக்குத் தெரியுமா?"

"உம்மாமார்தான் தாறவை மகள்."

"புள்ளையளுக்குத் தெரியுமா எண்டு கேக்குறன்."

சாச்சி பதில் சொல்ல எடுத்த நேரத்தில் தெருவில் ஒரு மீன்காரர் ஹோன் அடித்துக்கொண்டு இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை போய்விட்டார்.

"நான் கேட்டதில்ல" என்றார் சாச்சி. அவருடைய குரலில் அப்படி ஒரு வெறுமையை நான் கேட்டதேயில்லை. சனூன் நானாவின் போனைத் திறந்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. "இருபத்திரண்டு வருசம். ஒருத்தியையும் கேட்டதில்ல."

"உங்கட போனைத் தாங்கோ."

ஏதோ தட்டுகிற சத்தம். பிறகு றிஸ்மினா, "இது அழியேல்ல மாமி" என்றாள்.

"அழிச்சது புள்ள. என்ட கையாலதான் அழிச்சனான்."

"குப்பைக்கூடை எண்டு ஒண்டு இருக்கு. அழிச்சது ரெண்டு மாசம் அதுக்குள்ள கிடக்கும். அந்த நாப்பது பேரில ஆர் திறந்தாலும் பாக்கலாம். இண்டைக்கும் பாக்கலாம்."

அஸீபா "யா அல்லாஹ்" என்றார், மூச்சுக்குள்.

"இதில மற்றப் புள்ளையளும் இருக்கினம். நான் பாக்கேல்ல. எல்லாத்தையும் ஒரேயடியா வெறுமையாக்கலாம். செய்யவா?"

"செய்."

"நீங்களே அமத்துங்கோ மாமி. என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சிட்டு அமத்துங்கோ."

சாச்சி வாசித்தார். எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார். நிரந்தரமாக நீக்கப்படும், இதை மீட்க முடியாது. அதற்கப்புறம் ஓம் என்றாரா என்பது எனக்குக் கேட்கவில்லை.

"இனி?" என்று கேட்டார் அஸீபா.

"ஆராவது தன்ட போனுக்குள்ள இறக்கி வச்சிருந்தா அத ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது" என்றாள் றிஸ்மினா. "ஞாயிற்றுக்கிழமை வாறவைக்கும் இதைச் சொல்லுங்கோ. கேட்டிட்டும் வாறதெண்டா வரட்டும்."

"விசரி, அவை வராம விட்டா?"

"வராம விடட்டும். என்னட்டச் சொல்லாமச் செய்தது போதும்."

வெளியே வந்த சாச்சி செருப்பைப் போடாமலே மோட்டார் சைக்கிள் வரை நடந்துவிட்டார். நான் எடுத்து வந்து காலடியில் வைத்தேன். போகவேண்டிய வீடுகளில் அடுத்தது பக்கத்துத் தெருவில் இருந்தது. அங்கே இப்போது வேண்டாம் என்றார். ஊருக்குத் திரும்பு, பைசர் வீட்டுக்குப் போ என்றார். "அவன் சொல்லவேணாமெண்டு கேட்ட வீடு. அதைக் கடைசிக்கு விட்டா நான் விட்டிடுவன்."

பைசர் கடைக்குப் போயிருந்தான். அவனுடைய உம்மா சாச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்து, முந்தானையால் கதிரையைத் துடைத்தார்.

"இருங்கோ ராத்தா, இருங்கோ. ஏதும் சரிவந்திருக்கா?"

சாச்சி உட்காரவில்லை.

"நுஸ்ரியாவைக் கூப்பிடுங்கோ."

"அவ என்னத்துக்கு? உள்ளுக்குத் தைச்சுக்கொண்டிருக்கிறா. என்னட்டச் சொல்லுங்கோவன்."

"உங்களிட்டயும் சொல்லத்தான் வேணும். முதல்ல அவவிட்டச் சொல்லோணும். அவவிட்ட ஒண்டு கேக்கவும் வேணும்."

மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. அவர் என்னைப் பார்த்தார்; நான் முற்றத்தைப் பார்த்தேன். தையல் மெசின் நின்றது. கதவுக்குப் பின்னால் நின்றபடி, தனக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு ஒரு குரல் கேட்டது.

"என்னட்டயா மாமி?"